படம் பாக்குற கம்ப்யூட்டர் எதுக்கு இவ்வளவு எழுதுது?

ராத்திரி பதினோரு மணி, படத்துல யாரும் பேசல, இசையும் இல்ல, ஹீரோ சும்மா ஜன்னல் வழியா பாத்துட்டு நிக்கிறான், அப்ப டிவி ஸ்டாண்டுக்குள்ள இருந்து ஒரு "ம்ம்ம்ம்". டிவிக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர ஒதுக்கி வச்சவங்க எல்லாருக்கும் இந்த ம்ம்ம் பழக்கமா இருக்கும். "நம்ம வீட்டுல சீலிங் ஃபேன் போடுற சத்தத்துல இதெல்லாம் யாருக்கு கேக்கும்"னு கேக்குறவங்க இருக்காங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஃபேன் சத்தம் காத்து சத்தம், எல்லா சுருதியும் கலந்து பரவலா வரும், காது அஞ்சு நிமிஷத்துல அத மறந்துடும். ஹார்ட் டிஸ்க் அப்படி இல்ல. நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா செகண்டுக்கு 120 சுத்து, அதாவது 120 ஹெர்ட்ஸ்ல ஒத்தை சுருதி. 5400 சுத்துற டிஸ்க்னா 90 ஹெர்ட்ஸ். ரெண்டுமே நம்ம ஸ்பீக்கர்ல பேஸ் வர்ற இடம். டிஸ்க் தனியா போடுற சத்தம் கம்மிதான், அந்த அதிர்வு கேபினெட்டுக்குப் போயி, அங்கிருந்து பிளைவுட் ஸ்டாண்டுக்குப் போயி, மொத்த ஸ்டாண்டும் வீணைக் குடம் மாதிரி வேலை செய்ய ஆரம்பிச்சுடும். கம்ப்யூட்டருக்கு அடியில மடிச்ச துண்டு ஒண்ணு வச்சுப் பாருங்க, பாதி சத்தம் காணாமப் போகும். நான் ரெண்டு வருஷம் துண்டுலதான் ஓட்டுனேன்.

அதனால சுத்துற சாமானே வேண்டாம், மெமரி கார்டு பென் டிரைவ்ல எல்லாம் இருக்குற ஃப்ளாஷ் சிப்புல போட்டுக்கலாம்னு எல்லாருக்கும் தோணுறது இயல்புதான். இது புது யோசனையும் இல்ல. ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா ஃப்ளாஷ்ல பண்ணின எஸ்எஸ்டியோட விலை கைக்கு எட்டாம இருந்த காலத்துலயே சில பேர் கேமராவுக்குப் போடுற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்ட எடுத்து, ஒரு சின்ன அடாப்டர் வச்சு, ஹார்ட் டிஸ்க் கேபிள்ல மாட்டி ஓட்டிட்டு இருந்தாங்க. 1994ல சான்டிஸ்க் கொண்டு வந்த அந்த கார்டு பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் பேசுற அதே பாஷைய பேசும், அதனால அடாப்டர்னு சொல்றது வெறும் வயர் மாத்திக் குடுக்குற பலகைதான், உள்ள சிப்பு கிப்பு எதுவும் இல்ல. அதுலயும் ஒரு கூத்து, நிறைய மலிவு அடாப்டர்ல டிஎம்ஏவுக்கான, அதாவது சிபியுவ தொந்தரவு பண்ணாம டேட்டா நேரா ராமுக்குப் போற வழிக்கான ரெண்டு கோட்ட போடாமலே விட்டிருப்பாங்க, லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) பூட் ஆகுறப்ப டிஎம்ஏ இருக்குன்னு நம்பி கேக்கும், பதில் வராது, அப்படியே நிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி வச்சிருந்தவங்க, கடைகள்ல இருக்குற பில்லிங் மெஷின் மாதிரி சாமான்களுக்காக மைக்ரோசாஃப்ட் பண்ணின எம்பெடட் எக்ஸ்பில இருந்து ரைட் ஃபில்டர்னு ஒரு பகுதிய எடுத்து போட்டுக்குவாங்க. அது டிஸ்க்குக்குப் போற எழுத்து எல்லாத்தையும் நடுவுல பிடிச்சு ராம்லயே வச்சுக்கும், ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் மாயம். ஃப்ளாஷ்ல ஓட்டணும்னா முதல்ல எழுத்த நிறுத்தணும்னு அப்பவே புரிஞ்சவங்க இருந்திருக்காங்க. எனக்குதான் லேட்டா புரிஞ்சது.

எப்படி புரிஞ்சதுன்னா, அடி வாங்கித்தான். ராஸ்பெரி பைன்னு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி, கடையில கெடச்ச 16 ஜிபி மெமரி கார்டு ஒண்ணப் போட்டு, சாதாரண டெஸ்க்டாப் லினக்ஸ் ஏத்தி, அதுக்கு மேல கோடி போட்டேன். நூறு லட்சம் கோடி இல்லைங்க, படம் பாக்குற சாஃப்ட்வேர் கோடி, 2014 வரைக்கும் எக்ஸ்பிஎம்சின்னு பேரு, முதல் எக்ஸ்பாக்ஸ உடைச்சு அதுல படம் பாக்கணும்னு ஆரம்பிச்ச சாமான். எட்டு மாசம் அருமையா ஓடுச்சு, சத்தமே இல்ல. அப்புறம் ஒரு நாள் பாதி பாத்த படத்த மறுநாள் போட்டா முதல்ல இருந்து ஓடுது. சரி ஏதோ மறந்துருச்சுன்னு விட்டேன். அடுத்த நாள் ஒரு ஃபைல டெலிட் பண்ணேன், ரீஸ்டார்ட் பண்ணினதும் அது திரும்ப வந்து உக்காந்திருக்கு! டெலிட் பண்ண பண்ண வருது, பேய்ப்படம் மாதிரி. எரர் எதுவும் வரல. கடைசில பாத்தா கார்டு செத்துப் போறப்ப தன்னை ரீட் ஒன்லியா மாத்திக்கிச்சு, எழுதுறேன் எழுதுறேன்னு கம்ப்யூட்டர்கிட்ட தலைய ஆட்டிட்டு எதையும் எழுதல. கார்டு சாகுறதுல இது ரொம்ப சகஜமான விதம்னு அப்புறம்தான் படிச்சேன்.

ஏன் செத்துச்சுன்னு பாக்கணும்னா ஃப்ளாஷ் எப்படி எழுதுதுன்னு கொஞ்சம் தெரியணும். தோஷிபால வேலை பாத்த ஃபுஜியோ மசுவோகா 1980கள்ல கண்டுபிடிச்ச சாமான் இது, நம்ம கார்டு பென் டிரைவ் எஸ்எஸ்டி எல்லாத்துலயும் இருக்குறது அதுல நேண்ட்னு சொல்ற வகை. பள்ளிக்கூடத்து ஸ்லேட்டு மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரு ஒரு வரியா எழுதலாம், ஆனா அழிக்கிறதுன்னா மொத்த ஸ்லேட்டையும் ஒரே தொடப்புலதான் தொடைக்கணும், நடுவுல ஒரு வரிய மட்டும் அழிக்க முடியாது. எழுதுற வரி சில கேபி, அழிக்கிற ஸ்லேட்டு சில எம்பி. அப்ப ஒரு வரி மாத்தணும்னா என்ன பண்ணும், வேற காலி ஸ்லேட்டுல புது வரிய எழுதிட்டு "இனிமே அது இங்க இருக்கு"ன்னு ஒரு கணக்கு நோட்டுல குறிச்சுக்கும். காலி ஸ்லேட்டு தீந்துடுச்சுன்னா பழசுல தேவையானத வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு தொடைக்கும். ஒவ்வொரு தடவ தொடைக்கிறப்பவும் ஸ்லேட்டு கொஞ்சம் தேயும். ஒரு செல்லுல ஒரு பிட் வைக்கிற பழைய எஸ்எல்சி வகை லட்சம் தடவ தாங்கும், இப்ப நாம வாங்குற, மூணு பிட் வைக்கிற டிஎல்சி ஆயிரத்துல இருந்து மூவாயிரம் தடவ, நாலு பிட் வைக்கிற க்யூஎல்சி அதவிட கம்மி. படிக்கிறதால ஏறக்குறைய தேய்மானமே கிடையாது.

இதுல எஸ்எஸ்டிக்கும் மெமரி கார்டுக்கும் இருக்குற வித்தியாசம், அந்த கணக்கு நோட்டு எழுதுற ஆளோட சாமர்த்தியம்தான். எஸ்எஸ்டில இருக்குற கன்ட்ரோலர் தேர்ந்த கணக்குப்பிள்ளை, எல்லா ஸ்லேட்டும் சமமா தேயற மாதிரி பாத்துக்குவார், சின்ன சின்ன எழுத்த சேத்து வச்சு மொத்தமா எழுதுவார். மலிவு மெமரி கார்டுல இருக்குறவர் கேமராவுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர், பெரிய ஃபைல வரிசையா எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவர்கிட்ட போயி அங்க 4 கேபி இங்க 4 கேபின்னு குடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லேட்ட காலி பண்ணுவார்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், ரொம்ப மோசமான நிலைய வச்சே. லினக்ஸ்ல ஃபைல்கள டிஸ்க்குல அடுக்கி வைக்கிற இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் சும்மா விட்டா 5 செகண்டுக்கு ஒரு தடவ கையில இருக்குறத டிஸ்க்குல எழுதும். ஏதோ ஒரு புரோகிராம் அஞ்சு செகண்டுக்கு ஒரு வரி லாக், அதாவது என்ன நடக்குதுங்குற குறிப்பு, எழுதிட்டே இருந்தா ஒரு நாளைக்கு 17,280 தடவ. ஒவ்வொரு தடவையும் நம்ம கணக்குப்பிள்ளை 4 எம்பி ஸ்லேட்டு ஒண்ண தொடைக்கிறார்னா ஒரு நாளைக்கு 69 ஜிபி தேய்மானம், 16 ஜிபி கார்ட நாலு தடவைக்கு மேல முழுசா எழுதின மாதிரி. ஆயிரம் தடவ தாங்குற கார்டுக்கு 230 நாள்ல முடிஞ்சது கதை. நெஜத்துல எல்லா கார்டும் இவ்வளவு மடத்தனமா இருக்காது, ஆனா என் கார்டு எட்டு மாசத்துல போனத பாத்தா ரொம்ப தூரமும் இல்ல போல. அந்த லாக் வரிகள்ல என்ன இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? பெரும்பாலும் வைஃபை சிக்னல் விட்டு விட்டு வருதுங்குற பொலம்பல்தான்.

எனக்கு உறைச்ச விஷயம் இதுதான். படம் காட்டுற கம்ப்யூட்டருக்கு வேலை என்ன? படிக்கிறது. நெட்வொர்க்ல இருந்தோ டிஸ்க்ல இருந்தோ படிச்சு, பிரிச்சு, டிவிக்கு அனுப்புறது. நெஜமாவே எழுத வேண்டியது எந்த படத்த எந்த நிமிஷத்துல நிறுத்துனோம்னு ஒரு வரி, அவ்வளவுதான். மத்த எழுத்தெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குன்னு யோசிச்சு வச்ச பழக்கம், அத அப்படியே கொண்டு வந்து டிவிக்கு அடியில உக்கார வச்சா அதுவும் பழக்க தோஷத்துல கிறுக்கிட்டே இருக்குது.

யார் யார் எழுதுறாங்கன்னு ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து தேடுனேன். முதல் ஆள் லாக். அத ராம்ல வச்சுக்கச் சொல்லிட்டா போதும், கரண்ட் போனா லாக் போகும், போகட்டும், என் டிவியோட நேத்து பொலம்பல நான் என்ன பண்ணப் போறேன். ரெண்டாவது ஆள் கொஞ்சம் விசித்திரம், ஒரு ஃபைல படிச்சா "இத எப்ப படிச்சோம்"னு நேரத்த எழுதி வைக்கிற வழக்கம் யுனிக்ஸ் காலத்துல இருந்து இருக்கு, அதாவது படிக்கிறதே ஒரு எழுத்து ஆயிடுது! இப்ப இருக்குற லினக்ஸ்ல அத ஓரளவு கொறச்சிட்டாங்க, டிஸ்க்க சிஸ்டத்தோட இணைக்கிறப்ப, அதாவது மவுண்ட் பண்றப்ப, நோஏடைம்னு ஒரு வார்த்த சேத்தா முழுசா நின்னுடும். மூணாவது ஸ்வாப், ராம் பத்தலன்னா டிஸ்க்க ராம் மாதிரி பயன்படுத்துறது, மெமரி கார்டுல ஸ்வாப் வைக்கிறது மாதிரி பாவம் வேற இல்ல, தேவைன்னா ராமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற இசட்ராம் போட்டுக்கலாம். அஞ்சு செகண்ட் கணக்கையும் பத்து நிமிஷமா நீட்டலாம், ஆனா அதுக்கு விலை உண்டு, கரண்ட் போனா கடைசி பத்து நிமிஷத்துல எழுத வேண்டியிருந்தது போயிடும். பாதி பாத்த இடம் தவறுறதுல எனக்கு பிரச்சன இல்ல, வீட்டுல மத்தவங்களுக்கு இருக்குது, அதனால ரெண்டு நிமிஷத்துல சமாதானம்.

கோடிக்குள்ளயே சில பெருந்தீனிக்காரங்க இருக்காங்க. ஒவ்வொரு படத்துக்கும் போஸ்டர், பின்னணி படம், நடிகர்கள் முகம்னு இழுத்து தம்ப்நெயில் ஃபோல்டர்ல போட்டுக்கும், ஆயிரம் படம் வச்சிருக்குறவங்களுக்கு அது கிடுகிடுன்னு ஜிபி கணக்குல வளரும், முதல் தடவ லைப்ரரி ஸ்கேன் பண்றப்ப கார்டு மூச்சு வாங்குறது கண்ணுக்கே தெரியும். ஏதோ ஒரு பிரச்சனைய கண்டுபிடிக்க டீபக் லாக் ஆன் பண்ணிட்டு அப்படியே மறந்து விடுறது இன்னொண்ணு, ஆறு மாசம் அது எழுதிட்டே இருக்கும். ரொம்ப ஆபத்தானது பஃபர் செட்டிங். நெட்வொர்க்ல படம் ஓடுறப்ப கோடி கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து ராம்ல வச்சுக்கும், வழக்கமா 20 எம்பி. "ராம மிச்சம் பண்ணலாம்"னு யாராவது அத சைபர் ஆக்கினா ராமுக்கு பதில் டிஸ்க்குல எழுத ஆரம்பிச்சுடும், அதாவது நீங்க பாக்குற முழு படமும் உங்க கார்டு மேல ஏறி எறங்கும். லைவ் டிவிய நிறுத்தி நிறுத்தி பாக்குற டைம்ஷிஃப்ட்டும் இதே கதைதான், எச்டி சேனல்னா மணிக்கு ஜிபி கணக்குல எழுத்து. அது வேணும்னா ஹார்ட் டிஸ்க் இருக்குற இன்னொரு மெஷின்ல வச்சுக்கணும்.

இத்தன குடைச்சலும் வேண்டாம்னு நெனைக்கிறவங்களுக்காகவே லிப்ரெலெக் இருக்குது. ஓப்பனெலெக்னு இருந்ததுல இருந்து 2016ல பிரிஞ்சு வந்தது, கோடி ஓடுறதுக்கு எவ்வளவு லினக்ஸ் வேணுமோ அவ்வளவு மட்டும். அதோட அமைப்பு எனக்கு ரொம்ப பிடிச்சது. மொத்த சிஸ்டமும் சுருக்கப்பட்ட ஒரே ஒரு ஃபைல், படிக்க மட்டும்தான் முடியும், லினக்ஸோட கருவான கர்னல் இன்னொரு ஃபைல், அப்டேட்னா அந்த ரெண்ட தூக்கிட்டு புதுச வைக்கிறது, அவ்வளவுதான். நம்ம செட்டிங், தம்ப்நெயில், டேட்டாபேஸ் எல்லாம் ஸ்டோரேஜ்னு தனி பார்ட்டிஷன்ல. சிஸ்டம் மேல யாரும் கை வைக்க முடியாதுங்குறதால கரண்ட் போறப்ப கெட்டுப்போக வாய்ப்பு இருக்குறது அந்த ஸ்டோரேஜ் பக்கம் மட்டும்தான்.

கரண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுல மின்வெட்ட விட பெரிய ஆபத்து அம்மா. படுக்கப் போறப்ப டிவி ஸ்டாண்டு சுவிட்ச்ச சுவத்துலயே ஆஃப் பண்ணிடுவாங்க, "எரிஞ்சிட்டு இருக்கே, வீணா எதுக்கு"ன்னு. ராஸ்பெரி பை சும்மா இருந்தா சுமாரா 3 வாட்தான் இழுக்கும், ஒரு மாசத்துக்கே ரெண்டு யூனிட்டு சொச்சம்தான் ஆகும்னு எத்தன தடவ சொன்னாலும் அந்த கை சுவிட்சுக்குப் போகும். நேரங்கெட்ட நேரத்துல கரண்ட் போனா ஃப்ளாஷுக்கு என்ன ஆபத்துன்னா, கணக்குப்பிள்ளை நோட்டு எழுதிட்டு இருக்குறப்ப நோட்டே கிழிஞ்சா எந்த வரி எந்த ஸ்லேட்டுல இருக்குன்னு தெரியாது, நீங்க எழுதாத ஃபைலும் சேந்து போகும். எழுத்த கொறச்சு வச்சிருந்தா அந்த கெட்ட நேரத்துல மாட்டுற வாய்ப்பும் கொறையும். அம்மாவ மாத்த முடியாது, சிஸ்டத்த மாத்தலாம்.

என்ன வாங்குறதுன்னு கேட்டா, காசு இருந்தா மெமரி கார்டே வேண்டாம், இருக்குறதுலயே சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு. கிங்ஸ்டன் ஏ400 மாதிரி சாதாரண 120 ஜிபி எஸ்எஸ்டிக்கே 40 டெராபைட் எழுதலாம்னு போட்டிருக்கான், நாளைக்கு 10 ஜிபி எழுதினாலும் கிட்டத்தட்ட 11 வருஷம். ராஸ்பெரி பை 4 யுஎஸ்பில இருந்தே பூட் ஆகும். கார்டுதான்னா மேல ஏ1 இல்ல ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, ஏ1னா செகண்டுக்கு 1500 சின்ன படிப்பு, 500 சின்ன எழுத்து தாங்கணும்னு அர்த்தம், கார்ல வைக்கிற கேமராவுக்குன்னு ஹை எண்டூரன்ஸ்னு தனியா விக்கிறாங்க, அது இன்னும் நல்லது. பெட்டில இருக்குற 100 எம்பி ஸ்பீடுங்குற பெரிய எழுத்து நமக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது, சாதாரண ஃபுல் எச்டி படம் செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு எம்பிக்கு மேல பெரும்பாலும் கேக்காது. வாங்கினதும் எஃப்3ன்னு ஒரு டூல் இருக்கு, கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு பாக்கும், 64 ஜிபின்னு ஒட்டி 8 ஜிபி வித்திருந்தா அங்கயே மாட்டிக்கும்.

எஸ்எஸ்டிய நீல கலர் யுஎஸ்பி 3 ஓட்டைல மாட்டினதும் பக்கத்துல இருக்குற வயர்லெஸ் கீபோர்டு திக்க ஆரம்பிச்சா கீபோர்ட திட்டாதீங்க. யுஎஸ்பி 3 ஓடுறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கெளம்பும், இன்டெல்லே 2012ல இத பத்தி எழுதி வச்சிருக்கு. கீபோர்டு சிக்னல வாங்குற குட்டி டாங்கிள ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல தள்ளி வச்சா சரியாயிடும். எனக்கு இது தெரியறதுக்குள்ள ரெண்டு கீபோர்டு வாங்கியாச்சு.

படங்கள எங்க வைக்கிறது? டெராபைட் கணக்குல ஃப்ளாஷ் வாங்குறது வெட்டி செலவு, ஹார்ட் டிஸ்க்க வேற ரூமுக்கு நாடு கடத்திடுங்க. ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டரோ, நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டியான நாஸோ, அதுல டிஸ்க் எவ்வளவு வேணா ம்ம்ம் போடட்டும், நடுவுல ஒரு நெட்வொர்க் கேபிள். பத்து நிமிஷம் சும்மா இருந்தா டிஸ்க் தூங்கற மாதிரி வச்சுக்கலாம், மறுபடி படம் போடுறப்ப அது சுத்த ஆரம்பிக்க சில செகண்ட் ஆகும், அதுக்குள்ள ரிமோட்ட நாலு தடவ அமுக்காம இருக்கணும். 4கே டிஸ்க் காப்பி வச்சிருக்குறவங்க மட்டும் கேபிள், சுவிட்ச் எல்லாம் ஜிகாபிட்டான்னு பாத்துக்கங்க, 4கே ப்ளூரே செகண்டுக்கு 100 மெகாபிட்ட தாண்டிப் போகலாம், 100 மெகாபிட் போர்ட்டுல திணறும்.

சூடு பத்தி சொல்லாம விட்டா நம்மூருக்கு இந்த கட்டுரையே பிரயோஜனம் இல்ல. ஃபேன் இல்லாம ஓட்டணும்னா சூடு எங்கயாவது போகணும், சித்திரை மாசத்துல ரூமே 36 டிகிரி இருக்குறப்ப மூடின கேபினெட்டுக்குள்ள வச்சா ராஸ்பெரி பை 4 எண்பத தொட்டு தானே வேகத்த கொறச்சுக்கும், படம் திக்கித் திக்கி ஓடும். முழுக்க அலுமினியத்துல வர்ற கேஸ், அதுவே ஹீட் சிங்க், அத டிவிக்கு பின்னாடி திறந்த இடத்துல வச்சா போதும். பை 5 வாங்கலாமான்னா, அது வேகம்தான், ஆனா அதுல எச்.264ங்குற பழைய வீடியோ சுருக்க முறைய பிரிக்கிற தனி ஹார்டுவேர எடுத்துட்டாங்க, அதுக்கு அடுத்து வந்த எச்இவிசிக்கு மட்டும்தான் இருக்கு, 4கே வரைக்கும். நம்மகிட்ட இருக்குற பழைய படங்கள்ல முக்காவாசி எச்.264, அத சிபியு சமாளிக்கும், ஆனா சமாளிக்கிற வேலைக்கு சூடு, சூட்டுக்கு ஃபேன்னு திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கே வர்றோம். சத்தம்தான் முக்கியம்னா நான் நாலுலயே நிப்பேன். இன்னும் புதுசான ஏவி1 முறை வேணும்னா இன்டெல் என்100 வச்ச ஃபேன் இல்லாத மினி பிசி பாக்கலாம், 6 வாட் சிப்பு, ஆனா டிவி ரிமோட்டாலயே ஓட்டுற வசதி அதுல பெரும்பாலும் வராது, பைல சும்மாவே வரும்.

இவ்வளவும் பண்ணி முடிச்ச அன்னைக்கு ராத்திரி அதே ஜன்னல் காட்சிய போட்டேன். ம்ம்ம் இல்ல. அதுக்கு பதிலா மெல்லிசா "கீ..." பவர் அடாப்டருக்குள்ள இருக்குற காயில் கத்துது, இத்தன நாளா காதுல படாமலே ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு. நல்ல பவர் அடாப்டரா ஒண்ணு மாத்தினேன்.

இன்னும் ஒண்ணு. லிப்ரெலெக் செட்டிங்ல பேக்கப் எடுக்குற வசதி இருக்கு, எங்க வைக்கணும்னு அது கேக்கும். லிப்ரெலெக்குக்கு முந்தின செட்டப்ல எடுத்த பேக்கப்ப அவசரத்துல அதே கார்டுலயே வச்சுட்டு நிம்மதியா இருந்த ஒரு ஆள எனக்கு நல்லா தெரியும். பென் டிரைவ்லயோ பக்கத்து ரூம் டிஸ்க்லயோ வைங்க. செத்துப்போன அந்த 16 ஜிபி கார்டு இப்பவும் என் மேஜை டிராயர்ல கெடக்கு, அதுல இருக்குற பேக்கப்ப இன்னைக்கும் அழகா படிக்க முடியுது, ஒரே கஷ்டம் அது எடுத்தது கார்டு நின்னுபோறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.